திரை எந்த இடத்தில் நின்றது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியைப் படித்ததிலிருந்து எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. இன்றுதான் உட்கார முடிந்தது. நான்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளை எப்போதும் மாட்டியே வைத்திருக்கும் ஒரு வாசகி, கம்ப்யூட்டரை ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை, கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தார். “விண்டோஸ் பழுதாகியிருக்கும், ஃபார்மட் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்” என்று பதில் வந்திருந்தது. அந்த நான்கையும் கழற்றிவிட்டு ஒரு தடவை ஆன் செய்து பார்த்தீர்களா என்று கேட்கவே இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

நான் கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்லை. புகைப்படம் எடுப்பது தொழில். எடுத்ததையெல்லாம் சேர்த்து வைக்க ஐந்தாறு டிஸ்க்குகள் மேசையில் கிடக்கும். அந்த வாசகிக்கு வந்த தொல்லை எனக்கு நான்கு முறை வந்திருக்கிறது, நான்கு முறையும் வேறு வேறு காரணத்தால். ஒருமுறைகூட விண்டோஸ் கெட்டிருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: இப்படி ஒரு கேள்வி வந்தால் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, திரை எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான்.

பட்டனை அழுத்திய முதல் சில நொடிகளில் விண்டோஸுக்கு வேலையே கிடையாது. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க புரோகிராம்தான் முதலில் எழுந்து, என்னென்ன மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, எந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பது என்று சொல்லும் பூட் ஆர்டர் வரிசைப்படி ஒவ்வொன்றின் கதவையும் தட்டும். பழைய பயாஸ் ஒரு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் ஓர் அடையாள முத்திரை இருந்தால், உள்ளே விண்டோஸ் போன்ற ஓர் ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) இருக்கிறது என்று நம்பிப் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். ஆனால் வெறும் படங்களை வைத்திருக்கும் டிஸ்க்கிலும் அந்த முத்திரை இருக்கலாம். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து பார்ட்டிஷன் போடும்போதே அது பதிந்துவிடுகிறது. நம்பி ஒப்படைத்த பிறகு திரும்பி வரும் வழக்கமும் பல பயாஸ்களுக்கு இல்லை. “மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்” என்று ஒரு வரி, அல்லது மூலையில் மினுக்கும் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். ஃப்ளாப்பியை டிரைவிலேயே மறந்துவிட்டு மறுநாள் காலை “நான் சிஸ்டம் டிஸ்க்” என்ற வரியைப் பார்த்துப் பதறியவர்களுக்கு இது பழைய கதை. ஃப்ளாப்பி போய்விட்டது, கதை போகவில்லை.

புதிய கம்ப்யூட்டர்களில் பயாஸ் இடத்தில் இருக்கும் யூஇஎஃப்ஐ கொஞ்சம் விவரமானது. முத்திரையைப் பார்த்து ஏமாறாது. பூட் செய்வதற்கென்று ஒரு ஃபைல் இருக்கிறதா என்று தேடும். ஆனால் எப்போதோ விண்டோஸ் இன்ஸ்டால் செய்யத் தயாரித்த பென் டிரைவ் ஒன்று பின்பக்கம் மாட்டிக் கிடந்தால், அதில் அந்த ஃபைல் பத்திரமாக இருக்கும். எதற்கும் பின்பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். சில மதர்போர்டுகள் புதிதாக ஒரு டிஸ்க்கை மாட்டியவுடன் யாரையும் கேட்காமல் அதை வரிசையின் தலைக்கு ஏற்றிவிடுவதும் உண்டு. பயாஸ் செட்டப்புக்குள் போய் உள்ளே இருக்கும் டிஸ்க்கை, யூஇஎஃப்ஐ என்றால் விண்டோஸ் பூட் மேனேஜரை, முதலில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. என் முதல் அனுபவம் இதுதான், ஐந்து நிமிட வேலை. ஒன்று மட்டும்: டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருப்பவர்கள் பயாஸில் கைவைப்பதற்கு முன் அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையை மாற்றினாலே அது கேட்கக்கூடும்.

இரண்டாவது அனுபவத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி லோகோவைத் தாண்டவே இல்லை. செட்டப்புக்குள் போகும் கீயை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்த்தேன், அந்த விளக்கும் மாறவில்லை. அங்கே நின்றால் பூட் ஆர்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணிக்கை எடுக்கும்போதே பயாஸ் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். என்னுடையது பழைய மெஷின், மாட்டியது புதிய 4 டெராபைட் டிஸ்க். 512 பைட் கொண்ட துண்டுகளை 32 பிட் எண்ணால் எண்ணும் பழைய முறையில் கணக்கு ஏறத்தாழ 2.2 டெராபைட்டோடு முடிந்துவிடும். அதைவிடப் பெரியது எதிரே வந்தால் சில பழைய பயாஸ்கள் விழிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்கும் இதே வேலையைச் செய்யும்: கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இழுத்தடிக்க, பயாஸ் வாசலிலேயே காத்துக்கிடக்கும். ஒவ்வொன்றாக மாட்டி ஆன் செய்து பார்ப்பதைத் தவிர எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. எனக்கு பயாஸ் அப்டேட் கிடைக்கவில்லை. விண்டோஸ் வந்த பிறகு அந்த டிஸ்க்கை மாட்டிக்கொள்கிறேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே யூஎஸ்பி சாதனங்களை இயங்க வைக்கும் லெகசி யூஎஸ்பி என்ற வசதியை பயாஸில் அணைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். சில மெஷின்களில் அதை அணைத்தால் பயாஸுக்குள் கீபோர்டும் வேலை செய்யாமல் போகும், பார்த்துச் செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் என்னைப் படாதபாடு படுத்தியது. பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடும். சில நாள் அதுவும் இல்லை. பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டி, புதியது வாங்கி மாற்றினேன். அப்போதும் அதே. மதர்போர்டையும் மாற்றிவிடலாம் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் சில நொடி மினுங்குவது சகஜம்தான். இது அரை நிமிடம் கழித்தும் அணையவில்லை. கரண்ட் எங்கிருந்து வருகிறது? யூஎஸ்பி ஹப்பிலிருந்து! ஒரே போர்ட்டில் பல டிஸ்க்குகளை மாட்ட வைத்திருந்த, தனி அடாப்டரில் கரண்ட் எடுக்கும் ஹப் அது. டிஸ்க்குகளுக்குக் கொடுக்க வேண்டிய 5 வோல்ட்டை, தரமில்லாத அந்த ஹப் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குள்ளும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மதர்போர்டு பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாக இருந்ததால் முழுதாக எழ முடியவில்லை. ஹப்பைக் கழற்றியதும் முதல் அழுத்திலேயே எழுந்துகொண்டது. பழைய பவர் சப்ளை இன்னும் அலமாரியில் நன்றாகவே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அடாப்டர் இல்லாத ஹப்பே மேல் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. கையடக்கமான ஒரு ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு ஆம்பியருக்குப் பக்கத்தில் கேட்கும். நான்கு டிஸ்க்கை அடாப்டர் இல்லாத ஒரே ஹப்பில் தொங்கவிட்டால் ஒரு போர்ட்டின் கரண்ட்டை நான்கும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். காதைக் கிட்டே வைத்தால் ‘டிக், டிக்’ என்று சுழல முயன்று தோற்கும் சத்தம் கேட்கும். பெரிய டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் தேவை என்பதால் அவை தம் அடாப்டரோடே வருகின்றன, அவற்றால் இந்தத் தகராறு இல்லை.

நான்காவதை அனுபவம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. லோகோ வந்து, புள்ளிகள் சுழன்று, “ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்” என்ற வரியோடு நின்றது. நின்றது என்று நான்தான் நினைத்தேன். முந்தின நாள் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய டிஸ்க்கை விண்டோஸ் பொறுமையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பெரிய டிஸ்க் என்றால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். நான் மூன்று தடவை நடுவிலேயே பவரை அணைத்தேன்.

லினக்ஸ்காரர்களுக்கு வேறு விதம். ஆன் செய்ததும் எந்தெந்த டிஸ்க்கை இணைப்பது என்று குறித்து வைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதி வைத்த டிஸ்க்கைக் காணோம் என்றால், வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டு, பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்தால் போதும்.

இனி ஃபார்மட் விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவரும் இப்படித்தான் யாரோ சொன்னார்கள் என்று எல்லா டிஸ்க்கும் மாட்டியிருக்கவே விண்டோஸை மறுபடி போட உட்கார்ந்தார். இன்ஸ்டால் செய்யும் திரையில் டிஸ்க்குக்கு நாம் வைத்த பெயரும் ஒட்டிய ஸ்டிக்கரும் தெரியாது. டிரைவ் 0, டிரைவ் 1, டிரைவ் 2 என்றுதான் வரும். உள்ளே இருந்ததும் 2 டெராபைட், வெளியே இருந்த பேக்கப்பும் 2 டெராபைட். இரண்டுக்கும் நேரே 1863 ஜிபி என்று காட்டியது. அவர் பார்ட்டிஷன்களை அழித்தது பேக்கப் டிஸ்க்கில். அழித்த பிறகும் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை, ஏனென்றால் கோளாறு வேறெங்கோ இருந்தது.

அந்த வாசகிக்கு நான்கு டிஸ்க் என்பதால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். அடுத்த இதழில் திருத்தம் போட இடம் இருந்தால் இதை மட்டுமாவது போடுங்கள்: அவர் இன்னும் ஃபார்மட் செய்யவில்லை என்றால், கம்ப்யூட்டரை முழுதாக அணைத்துவிட்டு, ஹப் உட்பட எல்லாவற்றையும் கழற்றி, கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்து ஆன் செய்து பார்க்கட்டும். விண்டோஸ் வந்துவிட்டால் அணைத்து, ஒரு டிஸ்க்கை மட்டும் நேராகக் கம்ப்யூட்டரிலேயே மாட்டி மறுபடி ஆன் செய்யட்டும். அப்படியே இரண்டாவது, மூன்றாவது. ஹப் கடைசியில். எதை மாட்டியபோது, திரையில் எந்த வரியோடு நின்றது என்பதை அவர் உங்களுக்கு எழுதினால், அதற்கான பதிலைப் படிக்க நானும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்