பெல்கனிக் கதிரை

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டதாம், சந்தோசம். என்னுடையது அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. பேரனைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்றரை வயது, குழப்படிக்குக் குறைவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பின்னேரம் ஆறு மணி வரை நானும் அவனும்தான்.

போன மாதம் அவனுக்கு அடித்துவிட்டேன் மச்சான்.

நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவன் எட்டிப் பார்க்கிறேன், பெல்கனியில் நான் பேப்பர் வாசிக்கும் கதிரையில் ஏறி, கம்பியில் வயிறு பட, கடற்கரைப் பக்கம் போகிற ரயிலுக்குக் கை காட்டுகிறான். ஓடிப்போய்த் தூக்கி இறக்கிவிட்டு, தொடையில் இரண்டு போட்டேன். கோபம்கூட இல்லை, பயத்தில் விழுந்த அடி. அவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே கதிரை. ஆனால் இந்த முறை ஏறுவதற்கு முன் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான், நான் நிற்கிறேனா என்று. உயரம் ஆபத்து என்று அவன் படிக்கவில்லை. அம்மப்பா பார்க்காத நேரம் ஏற வேண்டும் என்றுதான் படித்திருக்கிறான். யோசித்துப் பார், கதிரையை அங்கே போட்டது நான். அன்றே அது உள்ளே வந்தது. அடுத்த கிழமை பெல்கனிக்கு மேலிருந்து கீழ்வரை கிறில் அடித்தாயிற்று.

அப்புறம் மகள் ஒரு வேலை தந்தாள்: பேரனின் கைக்கு எட்டுகிற ஆபத்தெல்லாம் தெரிய, தவழ்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டாம். இந்த முழங்காலோடு! ஆனாலும் பார்த்தேன். சிங்குக்குக் கீழே ஒரு சோடாப் போத்தல். 2022இல் காஸ் இல்லாத நேரம் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய், அப்படியே கிடக்கிறது. பிள்ளை அதைச் சோடா என்றுதானே நினைக்கும்? குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டு, பொரளை லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். கதிரைக்கு அடியில் காசு போல ஒரு வட்டப் பற்றரி கிடந்தது. அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடுமாம். குளியலறையில் தண்ணி வெட்டுக்குப் பயந்து நான் நிரப்பி வைக்கிற வாளி. மேசை விரிப்பின் நுனியில் சுடுதண்ணிப் போத்தல். எல்லாம் என் கைவேலை.

நாங்கள் அடி வாங்கித்தானே வளர்ந்தோம் என்பாய். உண்மைதான். வாய்ப்பாடு பிழைத்ததற்கு வாங்கிய பூவரசந்தடி அடி இன்றைக்கும் நினைவிருக்கிறது, ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் வராது. பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாதென்று கல்வி அமைச்சு 2016இல் சுற்றுநிருபம் அனுப்பியது. வீட்டுக்குள் இருக்கும் என்னைப் போன்ற ஆட்களுக்கு யார் அனுப்புவது?

மகளின் முறை வேறு. "ஏறாதே" என்றால் ஏறு என்பது மட்டும்தான் அவன் காதில் விழுமாம். "காலைக் கீழே வை" என்கிறாள், வைக்கிறான். கிட்டப் போய்க் குனிந்து சொல்ல வேண்டும், குசினியிலிருந்து கத்தினால் சரிவராது. உருண்டு அழுதால் பக்கத்தில் பேசாமல் இருக்கிறாள். எனக்கு அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை, நேற்றும் கை ஓங்கினேன். ஓங்கின கையால் தலையைச் சொறிந்து சமாளித்தேன். அவன் சிரித்துவிட்டான்.

ஓகஸ்ட் விடுமுறைக்குக் கட்டாயம் வா. வந்தால் உன் பிரஷர் குளிசைப் பையை வழக்கம் போல் கட்டிலில் எறியாதே, அலுமாரி மேல்தட்டில் இடம் விட்டிருக்கிறேன். ஒடியல் மா கொஞ்சம் கொண்டு வா, இங்கே விற்பது வாயில் வைக்க ஏலாது.

உன் பழைய கூட்டாளி