பகாவ் ஸ்டேஷனில் ஏறியவர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போம்மா.

பெரிய அத்தையைக் குவாலா லிப்பிஸுக்கு ரயிலேற்றிவிட ஞாயிற்றுக்கிழமை பகாவ் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் தாமதம். ஊரைத் தாண்டினால் செம்பனைக்கு நடுவே அதே ஒற்றைத் தண்டவாளம்தான். கிம்மாஸிலிருந்து 1910இல் இங்கே வந்த, நம் மலேசியாவின் கிழக்குக் கரைப் பாதை அது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தாத்தா என்றால் உனக்குக் கொள்ளுத் தாத்தா. ஜப்பான்காரன் காலத்தில், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டித் தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். பிறகு பிடித்தே கொண்டுபோனார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்திலிருந்தே தாத்தாவை லாரியில் ஏற்றிவிட்டார்கள். விஷயம் தெரிந்து பாட்டி சோற்றுச் சட்டியோடு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தபோது சரக்கு வேகன்களின் கதவைச் சாத்தியாயிற்று. புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லாத காலம். "ஏங்க, ஏங்க" என்று ஒவ்வொரு வேகனாகத் தட்டிக்கொண்டே போனாராம். உள்ளேயிருந்து பல பேர் குரல் கொடுத்தார்களாம். எது அவர் குரல் என்று பாட்டிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கொண்டுபோனது சயாம் மரண ரயில் வேலைக்கு. சயாமிலிருந்து, அதாவது இப்போதைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட பாதை அது, 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடித்தார்கள். நம் கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே போட்டார்கள். ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து. அந்தப் பாதையில் இருக்கும் காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குத் தனித்தனிக் கல்லறை, புல்வெட்டிப் பராமரிக்கிறார்கள். தோட்டங்களிலிருந்து போய்ச் செத்த நம் ஆட்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்குப் பேர் பொறித்த கல் கிடையாது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இப்போதுதான் அங்கே ஒரு புத்த கோயிலில் நம்மவர்கள் நடுகல் எழுப்பியிருக்கிறார்கள்.

அங்கே நாம் சேர்ந்து போக வேண்டும். அம்மா விமானத்தில் போகலாம் என்கிறாள். எனக்கு ரயில்தான் சரி. எல்லையில் பாடாங் பெசாரில் ஏறினால் அந்தப் பாதை பான் பொங் வழியாகப் போகிறது. நம் ஆட்களை இறக்கியது அங்கேதான்.

டிசம்பரில் லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லு. அத்தையும் வருவேன் என்கிறார். முட்டி வலி இருப்பதால் அவருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும், டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா