13 விநாடிகளை வைத்து ஜோசே ஆல்டோவை எடைபோடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலப்பு தற்காப்புக் கலைச் சாம்பியன்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரேசிலின் ஜோசே ஆல்டோவுக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி. 2015 டிசம்பரில் அயர்லாந்தின் கோனர் மெக்ரிகரிடம் 13 விநாடிகளில் வீழ்ந்தவர் என்று போட்டிருந்தீர்கள். தகவல் சரிதான். ஆனால் ஆல்டோவைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் அதைப் படித்தால், ஏதோ தற்செயலாகப் பட்டம் கிடைத்து முதல் அடியிலேயே அதைப் பறிகொடுத்த ஆள் என்றுதான் நினைப்பார். அது அவருக்குச் செய்கிற பெரிய அநியாயம்.

அந்த இரவுக்கு முன்பு ஆல்டோ கடைசியாகத் தோற்றது 2005 நவம்பரில். இடையில் பத்து ஆண்டுகள், 18 சண்டைகள், அத்தனையிலும் வெற்றி. மனாவுஸ் நகரத்தில் வறுமையில் வளர்ந்து, ரியோவுக்கு வந்து, நோவா உனியாவ் பயிற்சிக் கூடத்திலேயே படுத்துறங்கி, ஆந்த்ரே பெடர்னெய்ராஸிடம் சண்டை கற்றுக்கொண்ட பையன் அவர். எடை குறைந்த வீரர்களுக்கு அப்போது களமாக இருந்தது டபிள்யூஇசி என்ற அமெரிக்கப் போட்டி அமைப்பு. அங்கே 2009-ல் மைக் பிரவுனை வீழ்த்தி ஃபெதர்வெயிட் (145 பவுண்டு எடைப் பிரிவு) பட்டத்தை எடுத்தார். அடுத்த ஆண்டு யூரைஜா ஃபேபரை அவருடைய சொந்த ஊரான சாக்ரமென்டோவிலேயே ஐந்து சுற்றும் காலில் உதைத்து உதைத்து, தொடை கன்றி வீங்கி நிற்கவே தடுமாறும் நிலைக்குக் கொண்டுவந்தார். டபிள்யூஇசியை இந்த விளையாட்டின் மிகப் பெரிய அமைப்பான யுஎஃப்சி தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, யுஎஃப்சியின் முதல் ஃபெதர்வெயிட் சாம்பியன் என்ற இடம் அவருக்குத்தான் போனது. அந்த எடைப் பிரிவின் பட்டியலே ஆல்டோவின் பெயரில்தான் ஆரம்பிக்கிறது. அப்புறம் ஹோமினிக், ஃப்ளோரியன், மென்டெஸ், எட்கர், கொரியன் ஜாம்பி என்ற பட்டப்பெயர் கொண்ட ஜங் சான் சுங், லாமாஸ், மறுபடியும் மென்டெஸ் என்று ஏழு முறை பட்டத்தைக் காப்பாற்றினார்.

இதில் என்னை ரொம்பவும் ஈர்ப்பது அவருடைய டேக்டவுன் தடுப்பு, அதாவது எதிராளி தன்னைப் பிடித்துத் தரையில் சாய்க்க விடாத திறமை. அன்றைய ஃபெதர்வெயிட்டில் முன்வரிசையில் நின்ற அமெரிக்கர்களில் பலர் கல்லூரிக் காலத்திலிருந்தே மல்யுத்தத்தில் ஊறியவர்கள், காலைப் பிடித்துக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துவிட்டால் எழவே விடமாட்டார்கள். ஆல்டோ அவர்களோடு பலத்துக்குப் பலம் மல்லுக்கட்டவில்லை. அவர்கள் உள்ளே பாயும் நொடியில் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கையை அக்குளுக்கு அடியில் கொடுத்து, ஒரு கோணத்தில் திரும்பிவிடுவார், பிடிக்க வந்தவர் வெறுங்கையோடு நிற்பார், அந்தத் தடுமாற்றத்திலேயே ஒரு முழங்காலோ குத்தோ வந்து இறங்கும். 2012 ஜனவரியில் ரியோவில் அதுவரை தோல்வியே காணாத சாட் மென்டெஸை முதல் சுற்று முடிகிற கடைசி விநாடியில் இப்படித் திரும்பி வந்து முழங்காலால் வீழ்த்தினார். சரி, அதே சுற்றில் டேக்டவுனைத் தடுக்க ஆல்டோ கூண்டு வேலியைப் பிடித்தார், அது விதிமீறல்தான், மென்டெஸ் தரப்பு அதைச் சொல்லிக் குமுறியதிலும் நியாயம் உண்டு. ஆனால் 2014 அக்டோபரில் அதே ரியோவில் இருவரும் மறுபடி மோதி, ஐந்து சுற்றும் ஒருவரையொருவர் உலுக்கியெடுத்த அந்தச் சண்டையில் மூன்று நடுவர்களும் ஆல்டோ பக்கம்தான் நின்றார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு வேலிக் கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆல்டோவைப் பற்றி எழுத ஒரே ஒரு சண்டைக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், நான் இந்த இரண்டாவது மென்டெஸ் சண்டையைத்தான் சொல்வேன்.

மெக்ரிகர் விஷயத்துக்கு வருகிறேன். பல நாடுகளுக்குப் போன விளம்பரப் பயணம், டப்ளின் மேடையில் மெக்ரிகர் எட்டி ஆல்டோவின் சாம்பியன் பெல்ட்டைத் தூக்கியது, பிறகு ஆல்டோவின் விலா எலும்புக் காயத்தால் ஜூலைச் சண்டை தள்ளிப்போனது என ஓர் ஆண்டு முழுவதும் ஆல்டோ சீண்டப்பட்டார். லாஸ் வேகாஸில் மணி அடித்ததும், பொறுமைக்குப் பேர்போன அந்த மனிதர் வழக்கத்துக்கு மாறாக நேராகப் பாய்ந்தார். மெக்ரிகர் ஓர் எட்டு பின்னால் வைத்து இடது கையை நீட்டினார், கச்சிதமான அடி, அதில் அதிர்ஷ்டம் என்று ஒன்றும் இல்லை. விழுந்துகொண்டே ஆல்டோ வீசிய இடது ஹுக்கும் மெக்ரிகரின் முகத்தில் பட்டது, அதை யாரும் பேசுவதில்லை. மெக்ரிகருக்குரிய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பட்டத்தை ஒருமுறைகூடக் காத்துச் சண்டை போடவில்லை, ஆல்டோவுக்கு மறுசண்டையும் கிடைக்கவில்லை. அந்த 13 விநாடி ஒரு தோல்வி, அதை ஒரு தோல்வியாகவே கணக்கில் வையுங்கள். பத்து ஆண்டுகளை அழிக்கிற ரப்பராக அதைப் பயன்படுத்துவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். காயத்தால் அவர் அடிக்கடி விலகினார், 2014-ல் அவர் இல்லாததால் யுஎஃப்சி 176 நிகழ்ச்சியே ரத்தானது. முன்னிலை கிடைத்துவிட்டால் கடைசிச் சுற்றுகளில் வேகத்தைக் குறைத்துவிடுவார், பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். 2017-ல் மேக்ஸ் ஹாலோவே அவரை இரண்டு முறை, இரண்டுமே மூன்றாவது சுற்றில், களநடுவர் சண்டையை நிறுத்தும் அளவுக்கு அடித்து வென்றார். என்னைக் கேட்டால் மெக்ரிகரிடம் தோற்றதைவிட இவைதான் கனமான தோல்விகள், ஏனென்றால் அங்கே ஆல்டோ நிதானமாக, தன் பாணியிலேயே சண்டையிட்டும் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வரலாறு எழுதுகிறவர்கள் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். 145 பவுண்டுக்கே உடம்பை வருத்தி இறக்கிக்கொண்டிருந்தவர், 33 வயதில் 135 பவுண்டு பான்டம்வெயிட்டுக்குப் போனார். எலும்பும் தோலுமாக எடைமேடையில் நின்றதைப் பார்த்துப் பலர் பதறினார்கள். மார்லோன் மோராயஸிடம் பிளவுத் தீர்ப்பில் (மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் எதிராளி பக்கம்) தோல்வி, அதில் ஆல்டோதான் ஜெயித்தார் என்று சொன்னவர்கள் ஏராளம். அடுத்தே காலியாக இருந்த பட்டத்துக்கான சண்டை, பெட்ர் யானிடம் ஐந்தாவது சுற்றில் நிறுத்தப்பட்டார். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது நியாயமா என்ற கேள்வி சரியானதுதான். ஆனால் அங்கிருந்து அவர் மார்லோன் வேரா, பெட்ரோ முன்யோஸ், ராப் ஃபான்ட் என்று வரிசையாக மூன்று பேரை வென்றார். ஃபான்ட் அடித்த அடிகள் எண்ணிக்கையில் அதிகம், ஆல்டோ அடித்தவை ஃபான்ட்டைத் தரையில் உட்காரவைத்தன. அப்போது அவருக்கு 35 வயது, அந்தப் பிரிவில் அது முதுமை. உடம்பு வேகம் இழந்த பிறகு கால் உதையைக் குறைத்து, குத்துச்சண்டையைக் கூர்தீட்டி, விலாவுக்கு அடிக்கும் அந்த இடது கையை மையமாக வைத்து ஒரு சாம்பியன் தன்னையே புதிதாகச் செதுக்கிக்கொண்டார். இதை எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்?

2022-ல் ஓய்வு, 2023-ல் யுஎஃப்சியின் ஹால் ஆஃப் ஃபேம், இடையில் கொஞ்சம் குத்துச்சண்டை, 2024 மே மாதம் ரியோவில் திரும்பி வந்து ஜோனதன் மார்டினெஸை வென்றது, அப்புறம் இரண்டு நெருக்கமான தோல்விகள், 2025-ல் மறுபடி ஓய்வு. இவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம்.

ஃபெதர்வெயிட்டில் எல்லாக் காலத்துக்கும் முதலிடம் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கிக்கா ஆல்டோவுக்கா என்று விவாதியுங்கள், 2019-ல் நேருக்கு நேர் வென்ற வோல்கனோவ்ஸ்கிக்குக் கொடுத்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். அடுத்த முறை ஆல்டோவைப் பற்றி எழுதும்போது 2009 முதல் 2014 வரையிலான சண்டைகளுக்கும், 2020, 2021-ல் வந்த அந்த மூன்று வெற்றிகளுக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்