நேற்றைய வில்லன்தான் இன்றைய அவெஞ்சர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க சூப்பர் ஹீரோ அணிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எதிரியைக் கொல்வதில்லை என்ற விதி 1954-ன் தணிக்கை விட்டுப்போன மிச்சம் என்றும், தன் பரம எதிரியான ஜோக்கரை உயிரோடு விடும் பேட்மேன் அவன் செய்யும் அடுத்த கொலைகளுக்கும் பொறுப்பு என்றும், ஆகவே தயங்காமல் கொல்லும் அணிகளே முதிர்ச்சி பெற்றவை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இந்தக் கருத்து இப்போது பரவலாகிவிட்டது. அணிக் கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை அது கணக்கில் எடுப்பதே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வரலாறு. காமிக்ஸ் தணிக்கை விதித்தொகுப்பு 1954 அக்டோபரில் வந்தது உண்மை. ஆனால் பேட்மேனின் விதி அதற்குப் பதினான்கு ஆண்டுகள் மூத்தது. 1940 வசந்தத்தில் வெளிவந்த பேட்மேன் முதல் இதழில், ராட்சத மனிதர்களை ஏற்றிச் செல்லும் லாரியை பேட்மேன் தன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். மனித உயிரைப் பறிப்பதை வெறுக்கிறேன், ஆனாலும் இம்முறை வேறு வழியில்லை என்று அந்தக் கட்டத்தில் அவரே சொல்கிறார். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த்துக்கு இது பிடிக்கவில்லை. இனி துப்பாக்கியும் கூடாது, கொலையும் கூடாது என்று உத்தரவு போட்டார். நான்காம் இதழிலேயே, நாம் ஆயுதத்தால் கொல்வதில்லை என்று ராபினுக்கு பேட்மேன் நினைவூட்டுகிறார்.

அதே முதல் இதழில்தான் ஜோக்கரும் அறிமுகமாகிறான். அவன் வரும் இரண்டாவது கதையின் முடிவில் தன் கத்தியே தன் மேல் பாய்ந்து அவன் சாகவேண்டும் என்பதுதான் முதல் திட்டம். இத்தனை நல்ல வில்லனை வீணாக்கக் கூடாது என்று எல்ஸ்வொர்த் சொன்னார். ஆம்புலன்ஸில் மருத்துவர், இவன் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லும் ஒரு கட்டம் அவசரமாக வரையப்பட்டுக் கடைசியில் சேர்க்கப்பட்டது. ஆக, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜோக்கரை வாழவைப்பது மாதாமாதம் இதழ் வந்தாக வேண்டிய தேவைதான். கட்டுரையாளர் அந்தப் பொறுப்பைக் கதைக்குள் இருக்கும் பேட்மேனின் தலையில் கட்டுகிறார். பேட்மேன் நாளைக்கே அவனைக் கொன்றாலும் அடுத்த ஆண்டு அவன் திரும்பி வருவான். தொடர் காமிக்ஸில் சாவு அப்படித்தான் வேலை செய்கிறது.

தனி வீரனின் கதையில் இந்த விவாதம் ஒருவனுடைய மனசாட்சியோடு முடிந்துவிடும். அணிக் கதையில் அப்படி முடியாது. ஏனென்றால் அணிக்கு ஆள் வந்து சேருவதே எதிரிகள் பக்கத்திலிருந்துதான். அவெஞ்சர்ஸ் 1963-ல் தொடங்கியது. 1965-ல் வந்த 16-ஆம் இதழில் பழைய உறுப்பினர்கள் விலக, கேப்டன் அமெரிக்காவோடு மூன்று புதியவர்கள் சேர்கிறார்கள். ஹாக்ஐ அதற்கு முந்தைய ஆண்டுதான் அயர்ன் மேனை எதிர்த்துச் சண்டை போட்டவர். குயிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்ச்சும் எக்ஸ்-மென் அணியின் எதிரியான மேக்னீட்டோவின் கூட்டத்தில் இருந்தவர்கள். பின்னால் சேர்ந்த பிளாக் விடோ சோவியத் உளவாளியாக அறிமுகமானவர். வொண்டர் மேன் அவெஞ்சர்ஸை ஏமாற்றி அழிக்க அனுப்பப்பட்டவர். 1968-ல் வந்த விஷன், அவர்களைக் கொல்வதற்கென்றே அல்ட்ரான் என்னும் வில்லன் செய்த இயந்திர மனிதன். கட்டுரையாளர் பாராட்டும் முறையை இவர்கள் ஒவ்வொருவரின் முதல் இதழிலும் பயன்படுத்திப் பார்த்தால் அவெஞ்சர்ஸில் யார் மிஞ்சுவார்கள்?

எக்ஸ்-மென்னில் ரோக் வந்த கதை இன்னும் கூர்மையானது. 1981-ல் அறிமுகமாகும்போதே அவள் கேரல் டான்வர்ஸ் என்னும் சூப்பர் ஹீரோவின் சக்திகளையும் நினைவுகளையும் உறிஞ்சிவிடுகிறாள். 1983-ல், 171-ஆம் இதழில், தலைக்குள் இரண்டு பேரின் நினைவுகள் மோதுவதைத் தாங்க முடியாமல் எக்ஸ்-மென்னை நடத்தும் பேராசிரியர் சேவியரின் வாசலில் வந்து நிற்கிறாள். அணி கொதிக்கிறது. அதே வீட்டில் இருக்கும் கேரல் விட்ட ஒரு குத்தில் ரோக் பூமியைத் தாண்டிப் போய் விழுகிறாள். சேவியர் அவளைச் சேர்த்துக்கொள்கிறார், ஆனால் யாரும் அவளை உடனே மன்னித்துவிடவில்லை. அந்த இதழ் உயர்ந்து நிற்பது அதனால்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதும் அல்ல. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, மூலக் கதையில் குற்றவாளியாகத் தொடங்கி நல்லவனானவர். ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல) குற்றவுலகின் அரசனாக ஆசைப்பட்டு வந்தவர்தான். முதல் கதையிலேயே யாராவது அவர்களைச் சுட்டிருந்தால் நமக்கு அவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

கொலையே வரக்கூடாது என்பது என் வாதம் அல்ல. வந்தால் எப்படி எழுதவேண்டும் என்பதில்தான் சிக்கல். அன்றைய அமெரிக்க மாத இதழில் கதைக்குக் கிடைத்தது 22 பக்கம், இப்போது பெரும்பாலும் 20. பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று வைத்தால் நூறு, நூற்றுப்பத்து கட்டங்கள். ஏழு பேர் அணி, எதிரில் ஒரு கும்பல் என்றால் சண்டையே பாதி இதழைத் தின்றுவிடும். கொலை கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு ஒரு முழுப்பக்க ஓவியமாக முடியும். அடுத்த மாதம் புதிய சண்டை தொடங்கிவிடும். கொல்லும் அணிகளின் கதைகளில் பெரும்பாலானவை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். சாவைப் பார்த்தவர் யார், தடுத்திருக்கக் கூடியவர் யார், உத்தரவிட்டவர் யார், மறுநாள் காலை ஒரே மேசையில் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதற்கெல்லாம் கட்டமே மிஞ்சுவதில்லை.

சரியாகச் செய்ததற்கு 1983-ன் அவெஞ்சர்ஸ் 229, 230 இதழ்களைச் சொல்வேன். எக்ஹெட் என்னும் வில்லன் அவெஞ்சர்ஸின் பழைய உறுப்பினர் ஹேங்க் பிம்மைப் பின்னாலிருந்து சுடப்போகிறான். ஹாக்ஐ விட்ட அம்பு துப்பாக்கிக் குழாயை அடைக்க, அது வெடித்து எக்ஹெட் செத்துவிடுகிறான். சுடப்போன கையைத் தடுத்தார், அவ்வளவுதான். ஆனாலும் அடுத்த இதழில் அணி முறைப்படி விசாரணை நடத்துகிறது. விபத்து என்று முடிவாகிறது. ரோஜர் ஸ்டெர்ன் எழுதிய அந்த விசாரணையில் பெரிய சண்டை எதுவும் இல்லை, ஆனால் அந்த அணி எதனால் அணியாக இருக்கிறது என்பது முழுவதும் அதில் இருக்கிறது.

நான்கு ஆண்டு கழித்து அதே ஹாக்ஐயை வைத்து, அவெஞ்சர்ஸின் கிளை அணியைப் பற்றிய வெஸ்ட் கோஸ்ட் அவெஞ்சர்ஸில் ஒரு கதை வந்தது. அவர் மனைவி மாக்கிங்பேர்டை ஃபேன்டம் ரைடர் என்பவன் கடத்தி, மருந்து கொடுத்து மயக்கிச் சீரழிக்கிறான். பிறகு அவன் பாறை விளிம்பில் தொங்கும்போது அவள் கைகொடுக்காமல் விழவிடுகிறாள். உண்மை தெரிந்ததும் ஹாக்ஐ பார்ப்பது விதி மீறப்பட்டதை மட்டும்தான், அவளுக்கு நடந்ததை அல்ல. மணவாழ்க்கை முறிகிறது, அணியும் பிளக்கிறது. இங்கே ஹாக்ஐ செய்தது தவறு என்றே சொல்வேன். தனக்கு விசாரணை என்னும் வாய்ப்பைக் கொடுத்த அணியில் வளர்ந்தவர், மனைவிக்கு அதைக் கொடுக்கவில்லை. கொல்லாமை விதியை விசாரணையிலிருந்து பிரித்துவிட்டால் அது வெறும் தண்டனைக் கோலாகிவிடும்.

1992-ல் பத்தொன்பது பகுதிகளாக ஓடிய அவெஞ்சர்ஸின் கேலக்டிக் ஸ்டார்ம் தொடரின் முடிவும் இந்த வரிசையில் வரும். க்ரீ என்னும் வேற்றுக்கிரக இனத்தில் பெரும்பகுதி ஒரு குண்டில் அழிகிறது. அதற்குத் திட்டமிட்டது அவர்களுடைய தலைமை அறிவான சுப்ரீம் இன்டெலிஜென்ஸ். அதைக் கொல்லவேண்டும் என்கிறார் அயர்ன் மேன். கூடாது என்கிறார் கேப்டன் அமெரிக்கா. ஒரு பகுதியினர் அவரை மீறிப் போகிறார்கள், பிளாக் நைட்டின் வாள் பாய்கிறது. அதன்பின் கேப்டன் அமெரிக்கா 401-ஆம் இதழில் அறம் பற்றிப் பேச அவர் கூட்டம் கூட்டுகிறார், வந்தவர்கள் சிலரே. அந்தக் காலி நாற்காலிகள் எந்த வசனத்தையும் விட அதிகம் சொல்கின்றன. ஆனால் கொலை நடந்த இதழின் கடைசியிலேயே சுப்ரீம் இன்டெலிஜென்ஸ் தப்பிவிட்டதாகக் காட்டியது பெரும் பிழை. அணிக்கு அது தெரியாது, வாசகருக்குத் தெரியும். விவாதத்தின் பாதி எடை அங்கேயே போய்விட்டது.

1980-ல் எக்ஸ்-மென்னில் வந்த டார்க் ஃபீனிக்ஸ் கதையும் இப்படித்தான் பின்னால் வந்தவர்களால் குலைக்கப்பட்டது. 135-ஆம் இதழில், அணியில் ஒருத்தியான ஜீன் கிரே ஒரு சூரியனையே விழுங்க, டிபாரி இனத்தார் ஐந்நூறு கோடிப் பேர் மடிகிறார்கள். சக்தியைப் பறித்துவிட்டு அவளை வாழவிடுவதாக முதலில் முடிவு வரையப்பட்டிருந்தது. இவ்வளவு சாவுக்கு அது போதாது என்றார் மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர். 137-ஆம் இதழின் முடிவு மாற்றி வரையப்பட்டு, நிலவில் ஜீன் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறாள். ஷூட்டர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 1986-ல் புதிய இதழ் ஒன்றுக்கு ஜீன் தேவைப்பட்டபோது, அழிவைச் செய்தது ஜீன் அல்ல, அவளைப் போல உருவெடுத்த ஒரு சக்தி என்று எழுதிவிட்டார்கள். ஐந்நூறு கோடிச் சாவுக்கும் யாருமே பொறுப்பில்லை என்றாகிவிட்டது. கொல்லும் கதைகளை விரும்புபவர்கள் முதலில் வருந்தவேண்டியது இதற்காகத்தான்.

கட்டுரையாளர் சிறந்த உதாரணமாகக் காட்டும் 2005-ன் வொண்டர் வுமன் 219-ஆம் இதழுக்கு வருகிறேன். சூப்பர்மேனின் மனத்தை மேக்ஸ்வெல் லார்ட் ஆட்டிவைக்கிறான். உண்மையை வரவழைக்கும் கயிற்றில் கட்டி, இதிலிருந்து அவரை எப்படி விடுவிப்பது என்று டயானா, அதாவது வொண்டர் வுமன், கேட்கிறாள். என்னைக் கொன்றால்தான் என்கிறான். அவன் கழுத்தைத் திருகிவிடுகிறாள். பொய் சொல்ல முடியாத கயிறு என்பதால் மற்ற எல்லா வழிகளும் ஒரே பதிலில் அடைபட்டன. கதை உத்தியாக இது வலுவானது. ஆனால் அறத்தைப் பொறுத்தவரை, டயானாவுக்குத் தேர்வு என்று ஒன்றுமே இல்லாமல் செய்துவிட்டது. மேலும் இதே லார்ட் 1987 முதல் ஜஸ்டிஸ் லீக் என்னும் சூப்பர் ஹீரோ அணியின் புரவலராக வாசகர்கள் சிரித்து ரசித்த ஆள். கொல்லப்படுவதற்குத் தோதாகவே அவனைக் கொடியவனாக்கினார்கள். அந்தக் கதையின் உண்மையான பலம் கொலைக்குப் பின்னால் இருக்கிறது. கழுத்து முறியும் காட்சி மட்டும் உலகெங்கும் ஒளிபரப்பாகிறது, முன்பின் எதுவும் இல்லாமல். சூப்பர்மேனும் பேட்மேனும் டயானாவும் ஒரே அறையில் நின்று பேச முடியாதவர்களாகிறார்கள். பிறகு மான்ஹன்டர் தொடரில், குற்றம் சாட்டலாமா என்று ஜூரி ஆராயும்போது கேட் ஸ்பென்சர் என்னும் வழக்கறிஞர் டயானாவுக்காக நிற்கிறார். கட்டுரை இதில் எதையும் சொல்லாமல் கழுத்து முறிந்த பக்கத்தோடு நின்றுவிட்டது. லார்டும் 2010-ல் உயிரோடு திரும்பிவிட்டான்.

கொல்லாமல் விட்டாலே போதும் என்று நினைப்பதும் தவறு. 1985, 86-ல் மார்க் குரூன்வால்ட் எழுதிய பன்னிரண்டு இதழ் ஸ்குவாட்ரன் சுப்ரீம் இதைத்தான் பேசுகிறது. அங்கே அணி, குற்றவாளிகளின் மனத்தை மாற்றும் இயந்திரம் ஒன்றைச் செய்கிறது. அதில் உட்கார வைக்கப்பட்ட வில்லன்கள் அப்படியே அணியிலும் சேர்க்கப்படுகிறார்கள். அணியில் ஒருவனே, தன்னைக் காதலிக்காத பெண்ணின் மேல் அதே இயந்திரத்தைப் பயன்படுத்திவிடுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் ரோக் வந்த கதையும் இதுவும் ஒன்றுதான், எதிரி தோழனாகிறான். ஆனால் ரோக் தானே நடந்து வந்து வாசலில் நின்றாள், இவர்கள் இயந்திரத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். கொல்லும் அணி பற்றிய விவாதம் எதுவானாலும் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பேசவேண்டும்.

கடைசியாக ஒன்று. 2010-ல் தொடங்கிய அன்கேன்னி எக்ஸ்-ஃபோர்ஸ், கொல்வதற்கென்றே வால்வரின் நடத்தும் ரகசிய அணியின் கதை. மறுபிறவி எடுத்த அபோகலிப்ஸ் என்னும் வில்லனைக் கொல்லப் போகிறார்கள், அங்கே இருப்பது ஒரு சிறுவன். அணி தடுமாறுகிறது, அணியில் ஒருத்தியான சைலாக் அவனைக் காக்க நிற்கிறாள். நான்காம் இதழின் முடிவில் அணியில் இன்னொருவனான ஃபேன்டோமெக்ஸ் அந்தச் சிறுவனைச் சுடுகிறான். கொல்லும் அணிக்கு முன்மாதிரியாகப் பலர் காட்டும் பக்கம் இதுதான். ஆனால் கதையை எழுதிய ரிக் ரெமெண்டர் அங்கே நிறுத்தவில்லை. சுட்ட அதே ஃபேன்டோமெக்ஸ் யாருக்கும் சொல்லாமல் அந்தச் சிறுவனின் ரத்தத்திலிருந்து இன்னொருவனை உருவாக்கி, அன்பான பண்ணை வீடு ஒன்றில் வளர்வதாக அவனை நம்பவைத்து வளர்க்கிறான். இவான் என்ற பெயரோடு அந்தப் பிள்ளை பிறகு எக்ஸ்-மென் நடத்தும் ஜீன் கிரே பள்ளியில் மாணவனாகச் சேருகிறான். கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால், நான்காம் இதழைப் பற்றி எழுதும் இடத்தில் இவானைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர் ஒருவர்,
மதுரை