மகளுக்கு: குறைந்த விலை மானிட்டரை எடைபோடுவது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று மானிட்டர்களின் விவரங்களையும் நிதானமாகப் படித்தேன். விலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த விலையில் விற்கும் எந்தத் திரையிலும் தயாரித்தவர்கள் ஏதாவது ஓரிடத்தில் கையைச் சுருக்கித்தான் இருப்பார்கள். அந்த இடம் எது என்று கண்டுபிடித்து, அது உன் அன்றாட வேலைக்கு வேண்டியதா இல்லையா என்று பார்த்துவிட்டால் முடிவு தானாக வந்துவிடும். நாள் முழுவதும் மின்னஞ்சலும் கணக்கு அட்டவணைகளும் நீண்ட ஆவணங்களும் படிக்கப்போகிற உனக்கு முதல் தேவை எழுத்துத் தெளிவு. வெகுகாலம் மெய்ப்புப் பார்த்தவள் வேறு என்ன சொல்வாள் என்று நீ சிரிக்கலாம்; ஆனாலும் அந்த அளவுகோலை வைத்தே எழுதுகிறேன்.

உனக்கு மிகவும் பிடித்திருப்பதாகச் சொன்ன 27 அங்குல வளைந்த திரையிலிருந்து தொடங்குகிறேன். அதன் பிக்சல் எண்ணிக்கை 1920 × 1080. பட்டியலில் உள்ள 24 அங்குலத் திரைக்கும் அதே 1920 × 1080தான். ஆகவே பெரிய திரையில் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. அதே இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள் அகலமான பரப்பில் பரவிக் கிடக்கும், அவ்வளவுதான். 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள் அமைகின்றன, 27 அங்குலத்தில் அது 82 ஆகக் குறைகிறது. இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசம் படம் பார்க்கும்போது தெரியாது. சிறிய எழுத்தைப் படிக்கும்போது தெரியும். ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி சாம்பல் நிறக் கறையாகிவிடும், 'கு'வையும் 'கூ'வையும் பிரித்தறிய முகத்தைத் திரையருகே கொண்டுபோக வேண்டியிருக்கும். 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் 2560 × 1440 உள்ளதாகப் பார். அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் வரை கிடைக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். இந்த விலைக்குள் நிற்பதானால் 24 அங்குலமே சரி.

அடுத்தது பேனல், அதாவது படத்தைக் காட்டும் தகடு. உன் பட்டியலில் டிஎன், விஏ, ஐபிஎஸ் என்ற மூன்று வகையும் இருக்கின்றன. 22 அங்குலத் திரை டிஎன் வகை. அதை நேராகப் பார்த்தால் குறையில்லை. நாற்காலியில் சற்றுச் சரிந்து உட்கார்ந்து கீழிருந்து பார்த்தாலோ மேல்பகுதி இருண்டு நிறங்கள் மாறித் தோன்றும். வளைந்த திரை விஏ வகை. அதன் பலம் கருப்பு நிறம்: ஐபிஎஸ் பேனல்களில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள ஒளி விகிதம், பொதுவாக 1000:1 என்ற அளவில் இருக்க, விஏ பேனல்களில் 3000:1 வரை இருக்கும், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு அது உகந்தது. ஆனால் மலிவான விஏ பேனல்களில் கருப்புப் புள்ளி வெளுக்கக் கொஞ்சம் நேரமாகும். அதனால் இருண்ட பின்னணியில் எழுத்தை ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்துக்குப் பின்னால் நிழல் ஒன்று இழுபட்டு வரும். நீ இருண்ட பின்னணியில் வேலை செய்யும் பழக்கமுள்ளவள் என்பதால் இதை முக்கியமாகக் கருதுகிறேன். 24 அங்குலம் ஐபிஎஸ் வகை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது; இருட்டறையில் கருப்புத் திரையின் மூலைகள் சற்று வெளிறித் தெரியும், பகலில் அது கண்ணில் படாது.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பவற்றுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். அசையும் படம் மங்காமல் தெரியும் வேகத்தைக் குறிக்கும் '1 மில்லி விநாடி' என்பது பெரும்பாலும் பின்னொளியை அணைத்து அணைத்து எரியவிடும் சிறப்பு நிலையில் எடுத்த அளவு. சாதாரணப் பயன்பாட்டில் அந்த நிலையை நீ போடவே மாட்டாய். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' கோடிக்கணக்கில் இருப்பதற்கும் பொருள் கிடையாது. மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருளையும் சேர்த்துக் காட்டுவதைக் குறிக்கும் எச்டிஆர் என்ற முத்திரைக்கு இந்த வகுப்பில், அந்த சிக்னலை மானிட்டர் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு மேல் ஒன்றும் அர்த்தமில்லை. 250 நிட்ஸ் ஒளிர்வுள்ள திரையால் அதை உரிய முறையில் காட்ட இயலாது. விநாடிக்கு நூறு முறை படத்தைப் புதுப்பிக்கும் 100 ஹெர்ட்ஸ் மட்டும் ஓரளவு பயனுள்ளது. 60 ஹெர்ட்ஸைவிட ஸ்க்ரோல் செய்வதும் மவுஸ் நகர்வதும் இதமாக இருக்கும். சும்மா வந்தால் வாங்கிக்கொள், அதற்கென்று கூடுதலாகக் கொடுக்காதே.

நிறத்தைப் பற்றி ஒரு வரி. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். விவரத்தில் '45% என்டிஎஸ்சி' என்று கண்டால் சிவப்பெல்லாம் வெளிறியிருக்கும் என்று புரிந்துகொள். '72% என்டிஎஸ்சி' அல்லது '99% எஸ்ஆர்ஜிபி' என்றிருந்தால் புகைப்படங்களுக்கும் போதுமானது.

கண் வலிக்குமோ என்று கேட்டிருந்தாய். 'லோ புளூ லைட்' என்ற வாசகத்தை நான் பொருட்படுத்துவதில்லை. திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுப்பதாகச் சான்றில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியே சொல்கிறது. திரை பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துபோவதும், ஒரே தூரத்தை இடைவிடாமல் பார்ப்பதுமே சோர்வுக்குக் காரணம். திரையின் பக்கம் கவனிக்க வேண்டியது ஒளியின் துடிப்பு. சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதற்குப் பின்னொளியை மிக வேகமாக அணைத்து எரிக்கின்றன. சிலருக்கு இது தலைவலி தரும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. சோதிப்பது எளிது. திரை முழுவதும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கால்பங்குக்குக் குறைத்து, இருட்டான அறையில் திரைக்கு முன்னே ஒரு பென்சிலைப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டிப் பார். பென்சிலின் நிழலுருவம் ஒரே சீரான மங்கலாகத் தெரிந்தால் நல்லது. விசிறிக் குச்சிகளைப் போலத் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் பின்னொளி துடிக்கிறது என்று அறிந்துகொள்.

ஸ்டாண்டைப் பற்றி விற்பவர்கள் யாரும் பேச மாட்டார்கள். குறைந்த விலைத் திரைகளில் முதலில் கத்தரிக்கப்படுவது அதுதான். முன்னும் பின்னும் சாய்க்கலாம். உயர்த்தவோ திருப்பவோ முடியாது. தட்டச்சு செய்யும்போது மேசையோடு சேர்ந்து திரையும் ஆடும். திரையின் மேல்விளிம்பு உன் கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ, ஒரு கை நீள தூரத்தில் இருக்க வேண்டும். இந்த ஸ்டாண்டுகள் பெரும்பாலும் அதைவிடத் தாழ்வாக நிற்கும், கழுத்துதான் வளைந்துகொடுக்கும். கனமான இரண்டு புத்தகங்களை அடியில் வைத்தால் தீர்ந்துவிடும் என்பதால் இதற்காக 24 அங்குலத்தை நான் நிராகரிக்கவில்லை. முதுகுப்புறத்தில் 100 மில்லிமீட்டர் அல்லது 75 மில்லிமீட்டர் இடைவெளியில் வெசா என்ற பொது அளவில் அமைந்த நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் உறுதி செய்துகொள். இருந்தால் பிறகு திரையைத் தாங்கும் கை (மானிட்டர் ஆர்ம்) ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 22 அங்குலத்தின் படத்தில் எனக்கு அந்தத் துளைகள் தென்படவில்லை.

இணைப்பில் ஒரு சிறு சிக்கல் வரலாம். விஜிஏ கேபிளைத் தொடவே தொடாதே, அதில் எழுத்து மழுங்கும். எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த பிறகு கருப்பு நிறம் சாம்பலாகத் தெரிந்தால், உன் லேப்டாப் இந்தத் திரையைத் தொலைக்காட்சி என்று எண்ணிக்கொண்டு நிற அளவைச் சுருக்கி அனுப்புகிறது என்று பொருள். கிராபிக்ஸ் அமைப்பில் வெளியீட்டு வரம்பை முழு அளவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் மானிட்டர் மெனுவில் 'ஷார்ப்னஸ்' கூடுதலாக வைக்கப்பட்டிருக்கும், குறைத்துவிடு. கடைகளில் கண்ணைப் பறிப்பதற்காக வெளிச்சத்தையும் உச்சத்தில் வைத்தே அனுப்புவார்கள்; பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெண்மை அதைவிடப் பளிச்சிடாத அளவுக்கு இறக்கிக்கொள்.

ஆகவே 24 அங்குல ஐபிஎஸ் திரையை வாங்கு. வந்தவுடன் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுவதும் நிரப்பி, அணைந்துபோன புள்ளியோ எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் புள்ளியோ உண்டா என்று பார். ஓரிரண்டு புள்ளிகள் பழுதாக இருப்பதைப் பல நிறுவனங்கள் உத்தரவாதத்தில் குறையாகவே ஏற்பதில்லை. கடைக்காரர் தரும் திருப்பி அனுப்பும் கெடு மட்டுமே அப்போது உனக்குக் கைகொடுக்கும். அந்தக் கெடு முடியும் வரை பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா