செப்டம்பரில் தண்ணீர் எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைமூட்டம் தலைகாட்டும் போதெல்லாம் இப்பகுதியில் கடிதங்கள் குவியும். தோட்ட நிறுவனங்களுக்கு அபராதம் போடுங்கள், செயற்கை மழை பெய்யச் செய்யுங்கள், விமானத்திலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள் என்பார்கள். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்ததை மறக்காதவர்களுக்குக் கோபம் வராமல் இருக்காது. ஆனால் அந்தப் புகையில் பெரும்பகுதி மண் எரிவதால் வருவது. மண் எரியாமல் தடுக்க இந்தோனேசியா 2016-லிருந்து அரசுப் பணத்தில் ஒரு பெரிய மீட்புத் திட்டம் நடத்தியது. அதில் பணம் எங்கே பிடித்து நின்றது, எங்கே ஒழுகியது என்பது புகையைச் சுவாசிக்கிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மலாயில் ‘தானா கம்புட்’ என்பதைத் தமிழில் கரிநிலம் எனலாம். இலையும் வேரும் கட்டையும் தண்ணீரில் மூழ்கி, முழுதும் மட்காமல், ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டராகச் சேர்ந்த மண் அது. அதன் கன அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். இரண்டு ஆறுகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல மேடு தட்டி நிற்கும். கால்வாய் வெட்டினால் தண்ணீர் இறங்கும், தரை அமிழும். சுமத்ராவில் அளந்தபோது முதல் ஐந்து ஆண்டில் ஒரு மீட்டருக்கு மேலும், பிறகு ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவிலும் தரை தாழ்ந்திருந்தது. முற்றக் காய்ந்த கரிமண் மறுபடி லேசில் தண்ணீர் குடிக்காது. கொக்கோத் தூளில் விழுந்த துளி போல மழை உருண்டோடிவிடும். அதில் பிடித்த தீ நிலத்துக்குள்ளேயே கனன்று நகரும். மேலிருந்து ஊற்றும் தண்ணீர் அதுவரை போய்ச் சேர்வது அரிது.

1995-ல் சுஹார்த்தோ அரசு போர்னியோ தீவின் மத்திய கலிமந்தான் மாநிலத்தில் ஒரு மில்லியன் ஹெக்டரை நெல்வயலாக்கப் புறப்பட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டியது. நெல் தேறவில்லை, சில ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிட்டார்கள். கால்வாய்கள் நிலத்தை வடித்துக்கொண்டே இருந்தன. அதே மாநிலத்தின் செபாங்காவ் காட்டில் களவாக மரம் வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்கவிடத் தோண்டிய சிறு வாய்க்கால்களும் அதே வேலையைச் செய்தன. 2015-ல் இந்தோனேசியாவில் எரிந்தது 2.6 மில்லியன் ஹெக்டர். உலக வங்கி போட்ட இழப்புக் கணக்கு 16.1 பில்லியன் டாலர். அடுத்த ஜனவரியில் கரிநில மீட்பு முகமை அமைந்தது: ஏழு மாநிலங்கள், 2 மில்லியன் ஹெக்டர், ஐந்து ஆண்டு. பிறகு அலையாத்திக் காடுகளையும் சேர்த்து 2024 வரை நீட்டினார்கள். இடையில் 2019-ல் மறுபடி 1.6 மில்லியன் ஹெக்டர் எரிந்தது. ஆக, கால்வாய்களின் குறுக்கே கட்டிய தடுப்புகளுக்கு ஒரு தேர்வும் நடந்துவிட்டது.

வேலையின் உயிர் கால்வாயை அடைப்பதில் இருக்கிறது. வழக்கமான தடுப்பு இப்படி இருக்கும்: கெலாம் மரக் கம்பங்களை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வரிசையாகக் குறுக்கே அடித்து, உட்புறம் துணிவிரிப்புக் கொடுத்து, இடையில் மண்மூட்டை அடுக்குவார்கள். நடுவில் வெள்ளம் வழிய ஒரு தாழ்வாய். கம்பம் சாய்ந்து தடுப்பு விழும் என்று நினைப்போம். பெரும்பாலும் தண்ணீர் தடுப்பைத் தொடாமலே பக்கவாட்டில் அரித்துப் புது வழி கண்டுவிடும். கரிமண் பஞ்சு மாதிரி. கால்வாயின் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் கூடினால் அடியிலும் ஓரத்திலும் ஊடுருவும். ஆகவே தடுப்பின் இரு இறக்கைகளையும் கரைக்குள் சில மீட்டர் நீட்ட வேண்டும். ஆற்று மணலைக் கண்டமேனிக்குக் கொட்டினால் அந்தக் கனத்திலேயே தடுப்பு புதைந்துபோகும். பெரிய கால்வாயில் இயந்திரம் வைத்து ஈரக் கரிமண்ணையே இறுக்கி அடைப்பது பல இடங்களில் மரத்தைவிட நன்றாக நிற்கிறது. கெலாம் கம்பத்துக்காகப் பக்கத்துக் காட்டையே மொட்டையடித்துவிட்டு ‘மீட்பு’ என்று பலகை நடுவதைப் பற்றித் தனிக்கடிதம் எழுதலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோமீட்டர்க் கால்வாய். சரிவு கிலோமீட்டருக்கு அரை மீட்டர். மொத்த இறக்கம் 5 மீட்டர். ஒரு தடுப்பு தாங்க வேண்டிய வித்தியாசம் 25 சென்டிமீட்டருக்குள் என்றால் 20 தடுப்பு வேண்டும். பணம் போதவில்லையென்று 5 கட்டினால், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் தாங்க வேண்டும். முதல் பெருமழையிலேயே ஓரம் பிய்த்துக்கொள்ளும். நாலில் ஒரு பங்கு பணத்தில் நாலில் ஒரு பங்கு பலன் கிடைக்கும் வேலை இல்லை இது. ஒரு கால்வாயை முழுதாக அடையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆண்டு அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது பண நாட்காட்டி. இந்தோனேசியாவின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பணம் இறங்கி, குத்தகையோ கிராமக் குழு ஒப்பந்தமோ முடிந்து, கம்பம் படகில் வந்து சேர்வதற்குள் வறட்சி பாதி ஓடிவிடும். டிசம்பருக்குள் செலவுக் கணக்கை முடிக்க வேண்டுமென்பதால் அக்டோபர், நவம்பரில், மழை இறங்கும் நேரத்தில், அவசர அவசரமாகக் கம்பம் அடிப்பார்கள். சுமத்ராவின் ரியாவ் மாநிலத்தில் இன்னும் மோசம். அங்கே முதல் வறட்சியே பிப்ரவரி, மார்ச்சில். தீயும் அப்போதே பிடிக்கும். அந்த நேரத்தில் புதிய ஆண்டின் பணம் கோப்பில் இருக்கும். பல ஆண்டுகளுக்குச் செல்லும் ஒப்பந்தம் போட்டால்தான் இது தீரும்: முதல் ஆண்டு மட்ட அளவையும் ஊர்ச் சம்மதமும், இரண்டாம் ஆண்டின் வறட்சியில் கட்டுமானம், அதற்கடுத்த மூன்று ஆண்டு பராமரிப்பு. அதே ஒப்பந்தக்காரர், அதே தொகைக்குள்.

மரத் தடுப்பின் ஆயுள் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. திட்டத்தின் ஆயுளும் ஐந்து ஆண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே சங்கடம் விளங்கும். முதல் தடுப்பு உளுத்துப் போகும்போது கடைசித் தடுப்புக்குத் திறப்பு விழா நடக்கும். உளுத்ததைச் சரிசெய்ய யாருக்கு அதிகாரம்? நாட்டு அரசின் பணம், மாநில ஆளுநர் வழியாகப் போய், கிராமக் குழுவின் கையால் கட்டியது, வனத்துறை நிலத்தில் நிற்கிறது. யார் சொத்து என்று எழுதி வைக்காவிட்டால் அதன் பராமரிப்புக்கு யாருடைய வரவுசெலவிலும் இடம் இருக்காது. எங்கள் கருத்து இது: கட்டும் அன்றே சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, கட்டுமானத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது ஆண்டுதோறும் அந்தப் பெயரில் ஒதுக்க வேண்டும். தடுப்பின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

அளவீட்டுக்கு வருவோம். 2016-ன் அரசு விதிப்படி பயன்பாட்டுக்கு விட்ட கரிநிலத்தில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 0.4 மீட்டரைத் தாண்டி இறங்கக்கூடாது. நல்ல விதி. அளப்பது துளையிட்ட பிவிசி குழாயில். அந்தக் குழாயைக் கரிமண் தாண்டி அடியிலுள்ள களிமண்வரை இறக்கி ஊன்ற வேண்டும். பாதியில் விட்டால் தரை தாழும்போது குழாயும் கூடவே தாழும். நிலம் அமிழ்வது கணக்கிலேயே வராது. அளப்பவர் நிற்பதற்குப் பலகை போட வேண்டும்; கால் பட்டாலே தரை அழுந்தி அளவு மாறும்.

குழாயை எங்கே ஊன்றுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். தடுப்பின் மேற்புறத்தை ஒட்டி வைத்தால் எப்போதும் அழகான எண் வரும், ஏனென்றால் அங்கே தண்ணீர் தேங்கித்தான் நிற்கும். அடுத்த மேல்தடுப்பின் காலடியில் வைத்தால்தான் அந்தத் துண்டின் மிக வறண்ட இடம் அகப்படும். ஆண்டுச் சராசரியும் இதே ஏமாற்றுதான். மழைக்காலத்தில் தரைமேல் நிற்கும் தண்ணீர், செப்டம்பரில் ஒரு மீட்டர் இறங்கியதைச் சராசரிக்குள் ஒளித்துவிடும். தீ சராசரியைப் பார்த்துப் பிடிப்பதில்லை. தடுப்புகளின் எண்ணிக்கையை ‘ஒரு தடுப்புக்கு இத்தனை ஹெக்டர்’ என்ற கணக்கால் பெருக்கி ‘நனைத்த பரப்பு’ என்று அறிவிப்பதைவிட, ஒவ்வொரு குழாயிலும் செப்டம்பரின் மிகத் தாழ்ந்த அளவை வெளியிடுவது எவ்வளவோ மேல்.

மரநடவு பற்றிச் சுருக்கமாக: தண்ணீர் முதலில், நாற்று பிறகு. காய்ந்த நிலத்தில் நட்டது அடுத்த தீயில் போகும். ஜெலுத்தோங், பெலாங்கிரான் போன்ற சதுப்பு மரங்களும் நாற்றுப் பருவத்தில் வெள்ளம் தலைமூழ்கினால் அழுகும். ஆகவே முப்பது, ஐம்பது சென்டிமீட்டர் மண்மேடு போட்டு நட வேண்டும். நாற்றுக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். இங்கேயும் ஓராண்டு நிதிமுறை குறுக்கே நிற்கும்.

ஊர்மக்கள் தடுப்பை உடைக்கிறார்கள் என்று அதிகாரிகள் குறைப்படுவது உண்டு. உடைக்காமல் என்ன செய்வார்கள்? மீன்பிடிக்கவும் ரப்பர்த் தோட்டத்துக்குப் போகவும் அவர்களுக்கு வேறு சாலை இல்லை. கலிமந்தானில் ‘ஹண்டில்’ எனப்படும் ஊர்க் கால்வாய்களுக்குத் தனிக் குழுவும் தலைவரும் உண்டு. அவரைக் கேட்காமல் அடைத்தால் ஒரே இரவில் வெட்டிவிடுவார்கள். தாழ்வாயைப் படகு சறுக்கிப் போகும் அகலத்தில் வைத்து, தேயாதபடி பலகை அறைந்தால் பாதிச் சண்டை தீரும். மீதிச் சண்டை செம்பனை பற்றியது. செம்பனைக்குத் தண்ணீர் அரை மீட்டருக்கும் கீழே இருந்தால்தான் பிடிக்கும். கரிநிலத்துக்கு அது ஆகாது. இரண்டையும் ஒரே கால்வாயில் சமாளிக்க முடியும் என்று சொல்லும் திட்ட அறிக்கைக்குக் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. அந்த நிலத்துக்குச் சேகோவும் மீனும் ஒத்துவரும்; வாங்க ஆள் வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. வட சிலாங்கூரின் ராஜா மூசா காப்புக்காட்டில் கால்வாய் அடைப்பும் மரநடவும் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. அங்கும் நம் வாசகர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்க வேண்டியவை இரண்டு: சென்ற வறட்சியில் ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் எவ்வளவு இறங்கியது, பழுதான தடுப்புகளில் எத்தனையைச் சரிசெய்ய இவ்வாண்டு வரவுசெலவில் பணம் இருக்கிறது. பதில் வந்தால் அதையும் இப்பகுதியில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நீரியல் பணியிலிருக்கும் வாசகர்கள் இருவர்,
கிள்ளான்