பழைய தழும்பில் புதுப் புண்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு பெண்கள் பக்கத்தில் வெயில் கிரீம் பற்றி எழுதியிருந்தீர்கள். முகம் கறுக்காமலிருக்க எப்போது, எவ்வளவு பூசுவது என்பதெல்லாம் சரி. கடைசி வரியில், தோல் புற்றுநோய் வெள்ளைக்காரருக்கு வருவது, நாம் பயப்படத் தேவையில்லை என்று முடித்திருந்தீர்கள். நான் வெள்ளைக்காரி இல்லை. எனக்கு வந்தது.

ஒன்பது வயதில் குப்பி விளக்கு சரிந்து இடது கால் வெந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தத் தழும்பு அது பாட்டுக்கு இருந்தது. பிறகு அதன் நடுவில் பாசிப்பயறளவு ஒரு புண். தையல் மெஷினில் உரசியிருக்கும் என்று நினைத்தேன். பார்மசியில் ஒரு களிம்பு, அது முடிய இன்னொன்று. மச்சாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தந்தாள். பக்கத்து டிஸ்பென்சரியில் சீனி வருத்தமாக இருக்கும் என்றார்கள். சோதித்தால் சீனி இல்லை. ஆனாலும் மருந்து கட்டித்தான் அனுப்பினார்கள். இப்படியே ஏழு மாதம். அதற்குள் புண் உளுந்து வடை மாதிரி ஆகிவிட்டது: ஓரம் தடித்து உயர்ந்து, நடு பள்ளமாகி, தொட்டால் இரத்தம் கசியும். வலி மட்டும் பெரிதாக இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை, "அம்மா, இந்தப் புண் வர முதல் இந்த இடத்தில் என்ன இருந்தது?" என்று கேட்டார். ஏழு மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஓரத்தில் விறைக்க ஊசி போட்டு, சின்னத் துண்டு எடுத்து பயொப்சிக்கு அனுப்பினார். ஸ்குவேமஸ் செல் கார்சினோமா என்று வந்தது. தோலின் மேல்பகுதியில் செதில் செதிலாக அடுக்கியிருக்கும் கலங்களில் பிறக்கும் புற்றுநோய்.

வெள்ளைத் தோலில் இது பெரும்பாலும் முகம், காது, கை என்று வருடக்கணக்காக வெயில் பட்ட இடங்களில் வருகிறது. நமது கறுப்பு வெயிலை ஓரளவு தடுத்துவிடும். ஆனால் பழைய எரிகாயத் தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத கால் புண் போன்றவற்றில் வருவதைக் கறுப்பு தடுக்காது. மார்ஜோலின் புண் என்று பெயராம். வெயிலால் வருவதைவிட இது சுலபமாக நெறிக்கட்டிகளுக்குப் (நிணநீர்க் கணுக்களுக்கு) பரவும் என்பதால் தொடை இடுக்கையும் அழுத்திப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

புண்ணைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்து வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். வெட்டிய காலைவிடத் தோல் எடுத்த தொடைதான் கூடுதலாக எரிந்தது, அதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை! இப்போது 138 பஸ்ஸில் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன்.

வெயிலைச் சும்மா விடச் சொல்லவில்லை. தோலில் நிறமே இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கும், சிறுநீரகம் மாற்றி அதற்கு மருந்து எடுப்பவர்களுக்கும் தொப்பியும் நீளக் கையும் கிரீமும் அழகுச் சாமான் இல்லை, மருந்து.

இன்னொன்று, என் தொழிலில் கண்டது. உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் தோல் கறுத்துப் புண்ணான பெண்கள் என்னிடம் அளவு கொடுக்க வருவார்கள். அங்கேயும் அபூர்வமாக இதே புற்றுநோய் வருவதை இந்திய டொக்டர்மார் எழுதியிருக்கிறார்கள், சேலைப் புற்றுநோய் என்றே பெயர். ஆகவே இப்போது மெல்லிய நாடாவுக்குப் பதில் அகலப் பட்டிதான் தைத்துக் கொடுக்கிறேன். சிலருக்குப் பிடிப்பதில்லை.

பார்மசிக்காரரிடமும் ஒரு கேள்வி. மூன்றாவது தடவை அதே புண்ணுக்குக் களிம்பு கேட்டால், எத்தனை கிழமையாக இருக்கிறது என்று கேட்டால் என்ன? நாலு கிழமையில் ஆறாவிட்டால் டொக்டரிடம் அனுப்புங்கள்.

உங்கள் அந்தக் கடைசி வரியையும் திருத்தி, அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13